எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டுமா?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் மாடித் தொட்டிகளுக்கு மூடி வாங்குவது பற்றிப் பேசியபோது, "எல்லாக் கொசுவையும் ஒழிக்கவா முடியும்? எதற்கு இந்த வீண் செலவு?" என்று ஒருவர் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நூறு வருஷத்துக்கு முன்பு ரொனால்ட் ராஸிடமும் இதையேதான் கேட்டார்கள்.

ராஸை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அல்மோராவில் பிறந்த ராணுவ மருத்துவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டவர். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் போட்ட கணக்கைத்தான் பாடத்தில் சொல்லவில்லை.

லாகூர் அருகே மியான் மீர் ராணுவ முகாமில் கொசு ஒழிப்பைச் செய்து பார்த்துவிட்டு, பலனில்லை என்று கைவிரித்தார்கள். ராஸ் அதை ஏற்கவில்லை. மொரீஷியஸ் தீவு பற்றிய 1908 அறிக்கையிலும், பிறகு தம் மலேரியாத் தடுப்பு நூலிலும் சமன்பாடு எழுதிக் காட்டினார்.

ஒரு நோயாளியை எத்தனை கொசு கடிக்கும்? கிருமி முதிரும்வரை அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும்? அதற்குப் பிறகு எத்தனை பேரைக் கடிக்கும்? அதற்குள் எத்தனை நோயாளிகள் குணமாவார்கள்? எங்கள் வங்கி வழக்கில் சொன்னால், புது நோயாளி வரவு, குணமானவர் பற்று. பற்று வரவை மிஞ்சிக்கொண்டே போனால் இருப்பு கரைந்து கணக்கு முடிந்துவிடும். அதற்குக் கொசு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே போதும், கடைசிக் கொசு வரை துரத்த வேண்டியதில்லை.

1901-இல் ராஸுடன் சியரா லியோன் போன மெக்கென்ட்ரிக் என்ற மருத்துவரையும் இந்தக் கணக்கு விடவில்லை. பின்னாளில் கசௌலி பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் பார்வை இழந்த கெர்மாக்குடன் சேர்ந்து 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஊரில் எல்லோருக்கும் நோய் வந்து தீருமுன்பே தொற்று தானாக அடங்குவது ஏன் என்று அதில் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தது 1905-06 பம்பாய்ப் பிளேக்கின் வாராந்தரச் சாவுக் கணக்கு. அந்தப் பதிவேட்டைக் கூட்டிக் கழித்துச் சரியாக எழுதிவைத்த குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!

நம் டெங்குக் கொசு ராஸ் பார்த்த கொசு அல்ல. அது பகலில் கடிக்கும், திறந்த தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளரும். ஆனால் கணக்கு இதற்கும் பொருந்தும். தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். மூடித் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது, அவசியம் வாருங்கள்.