பழுது பார்த்தவர்களின் வரலாறு

திருவண்ணாமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் மலையின் கிழக்கு முகத்தையே காண்பர். பெரிய கோயிலும் இராசகோபுரமும் கடைவீதிகளும் அப்பக்கத்திலேயே அமைந்துள்ளன. 14 கிலோமீட்டர் வலப்பாதையில் நடந்து மேற்குப் புறத்தை அடைந்தால்தான் அடி அண்ணாமலை என்னும் ஊரும், அங்குள்ள ஆதி அண்ணாமலையார் கோயிலும் தென்படும். மலை ஒன்றே, காட்சி வேறு. கணிப்பொறியின் வரலாற்றையும் நாம் கிழக்கு வாயிலிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். இயந்திரத்தை இயற்றியவர் யார், விற்றுப் பொருளீட்டியவர் யார் என்றே நூல்கள் கூறுகின்றன. அது நின்றுபோனபோது திறந்து பார்த்து மீண்டும் ஓடச் செய்தவர் மலையின் மறுபுறத்தில் நிற்கின்றார். அவருடைய கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன். அடி அண்ணாமலையில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன கற்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ அது பயன்படக்கூடும்.

கதை கணிப்பொறியில் தொடங்கவில்லை, வானொலிப்பெட்டியில் தொடங்குகிறது. சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே ஆர்வலர் சிலர் வானொலிக் கழகம் ஒன்றை அமைத்து ஒலிபரப்பினர். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. அந்நாளைய பெட்டிக்குள் கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள் ஒளிர்ந்துகொண்டிருக்கும். விளக்கைப் போலவே அவையும் ஒருநாள் அவிந்துவிடும். ஆகவே, பெட்டி சென்ற ஊருக்கெல்லாம் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவரும் தேவைப்பட்டார். கோவை ஜி. டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்ய முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் எழுந்த தொழில்நுட்பக் கல்விக்கும் அவரே காரணமாயிருந்தார். பொறியியல் கற்க நான்காண்டு வேண்டியதில்லை, குறுகிய காலமே போதும் என்பது அவர் கட்சி. அரசு அதனை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். எல்லாப் பொறியியலுக்கும் அவர் கருத்துப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் பழுது பார்க்கும் கலையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

அந்தக் கலையின் உள்ளுறை ஒரு முறை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வானொலிப்பெட்டி ஊமையாகிவிட்டது என்று கொள்வோம். அறியாதவன் ஒவ்வொரு வால்வாக மாற்றிப் பார்ப்பான். பயின்றவனோ ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கிச் செல்வான். காப்பிட்ட திருப்புளியின் முனையால் ஒலியைப் பெருக்கும் வால்வின் உள்ளீட்டைத் தொடுவான். ‘கும்’ என்ற இரைச்சல் எழுந்தால், அவ்விடத்திலிருந்து ஒலிபெருக்கி வரை யாவும் நலம். பழுது அதற்கு முன்னால் இருக்கிறது. பின்னர் ஒரு படி முன்னே செல்வான். இவ்வாறு நலமுள்ள பகுதியையும் நோயுள்ள பகுதியையும் பிரிக்கும் எல்லைக்கோடு தானாகவே புலப்படும். கடைசியில் மாற்றுவது ஒரு சிறு பொருளாக இருக்கலாம். அது எது என்று அறிவதே வித்தை.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்கென மைய அரசு ஓர் இயக்ககத்தை அமைத்தது. அதன் வழியாகவே 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. நாம் ஐ.டி.ஐ. என்று அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அத்திட்டத்தின் பிள்ளைகளே. பாடத்தையும் சான்றிதழையும் நாடெங்கும் ஒருநிலைப்படுத்த 1956இல் தேசிய மன்றம் ஒன்று ஏற்பட்டது. தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. பிட்டர், டர்னர், வெல்டர் என்ற தொழில்களோடு வானொலி மெக்கானிக்கும் பயிற்சிக்கூடத்தில் இடம் பெற்றார்.

இதே காலத்தில் இந்நாட்டிற்குக் கணிப்பொறியும் வந்தது. வந்த வழி இரண்டு. அவற்றின் வேறுபாட்டை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

முதல் வழி, நாமே செய்துகொள்வது. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் அவர்கள், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இளம் பொறியாளர் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அக்குழு சமைத்த ‘டிப்ராக்’ என்னும் கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கிற்று. அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. அது சிறந்த இயந்திரமன்று. அது முடிவதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குச் சென்றுவிட்டது. எனினும், அதில் எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதை அறிந்தவர் அக்கட்டடத்திலேயே இருந்தனர். பழுது வந்தால் கடல் கடந்து கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, வாடகைக்குப் பெறுவது. அறுபதுகளில் ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரங்களே இந்நாட்டின் பெரும்பான்மைக் கணிப்பொறிகளாக இருந்தன. 1959இல் அறிமுகமான 1401 என்னும் வகை, மேலைநாடுகளில் பழசாகிக் கழிந்த பின்னரும் இங்கே புதுக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டது. இயந்திரம் அவர்களுடையது, உதிரிப் பொருளும் அதன் மறைபொருளும் அவர்களுடையவை. துளை அட்டையைச் செலுத்துவதும் அச்சிட்ட தாளை எடுத்துக்கொள்வதுமே பயன்படுத்துவோர்க்கு உரிய வேலை.

1973இல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இந்நிலையை அசைத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காட்டிற்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு கேட்டது. முழு உரிமையையும் விட்டுக்கொடுக்க ஐ.பி.எம். இசையவில்லை, 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. இரயில்வேயின் கணக்கும் ஆலைகளின் ஊதியப் பட்டியலும் ஆராய்ச்சிக் கூடங்களின் கணிதமும் அந்த இயந்திரங்களை நம்பியிருந்தன. உரியவன் போய்விட்டான், இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

அதற்கு விடை ஓரளவு முன்னரே ஆயத்தமாகியிருந்தது. 1975 டிசம்பரில் அரசு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. அதன் பெயரே அதன் தொழிலைச் சொல்லும்: கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம், ஆங்கில எழுத்துகளில் சுருக்கினால் சி.எம்.சி. 800க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐ.பி.எம். கணிப்பொறிகளின் பராமரிப்பை 1978இல் அது ஏற்றுக்கொண்டது. பிற நாட்டு நிறுவனங்களின் இயந்திரங்களும் பின்னர் அதன் கைக்கு வந்தன. இங்கேதான் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. தன் இயந்திரத்தை மட்டுமே அறிந்தவர் விற்பனையாளரின் பொறியாளர். பல நாட்டு இயந்திரங்களையும் திறந்து பார்த்தவர்களோ எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பை உணர்ந்தார்கள். பழுது பார்க்கத் தொடங்கிய அதே நிறுவனம் இரயில் முன்பதிவுக்கான கணிப்பொறி அமைப்பை வகுத்தது. 1986இல் புதுதில்லியில் அது மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வெளியூர் செல்பவர் இன்று எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் இருக்கை பதிவு செய்கிறாரே, அந்த வசதியின் வேரில் பழுது பார்த்தவர்களின் கை இருக்கிறது. அரசின் வசமிருந்த அந்நிறுவனம் 2001இல் டாட்டா குழுமத்திடம் சென்று, 2015இல் அதன் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

1984ஆம் ஆண்டின் கணிப்பொறிக் கொள்கைக்குப் பின் விலை இறங்கிற்று. சிறு நகரங்களிலும் கணிப்பொறி மேசைக்கு வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்த கடைக்காரர் பலர் தம் பலகையில் மேலும் ஒரு வரி எழுதிக்கொண்டனர்.

அடுத்து வந்தது வலையமைப்பு. கல்வி நிலையங்களை இணைக்கும் ‘எர்னெட்’ 1986இல் தொடங்கியபோது சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்றாக இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்பொழுது பழுது ஒரு பெட்டிக்குள் மட்டும் இல்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையேயும் இருந்தது. ஆயினும் தேடும் முறை பழையதே. 1983இல் அமெரிக்கப் படைத்துறை ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் ‘பிங்’ என்னும் சிறு கட்டளையை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலியின் ஓசையை ஒட்டி வைத்த பெயர் அது. பயின்ற பணியாளர் முதலில் தம் கணிப்பொறிக்கே அதனை அனுப்புகிறார், மறுமொழி வருகிறது. பிறகு அறையிலுள்ள ரௌட்டருக்கு. பிறகு வெளியே தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு. மறுமொழி எங்கே நிற்கிறதோ அங்கே பழுது. திருப்புளியால் வால்வைத் தொட்ட மனிதர் இதைக் கண்டால் புன்னகை செய்திருப்பார்.

ஊர்ப்புறத்தில் இந்தத் திறமை இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு மதுரை மாவட்டத்து மேலூர் சான்றாகும். சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் கம்பியில்லா இணைப்புடன் இணைய மையங்களைத் தொடங்கின. உலகெங்கும் அது பேசப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பல மையங்கள் மூடப்பட்டன. வருவாய்க் குறைவு ஒரு காரணம். தொடர்ந்து தொழில்நுட்பத் துணை கிடைக்காமை மற்றொரு காரணம். பெரிய அறிவு சென்னையிலிருந்து வந்தது; திருப்புளி பிடிக்கும் கை ஊரில் இல்லை.

2011 முதல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டதால், கணிப்பொறி கூரை வீட்டிற்குள்ளும் புகுந்தது. இன்று தொழிற்பயிற்சித் திட்டத்தில் கணிப்பொறி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்பு என்றே ஒரு தொழிற்பிரிவு உண்டு. காலம் ஓராண்டு, தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் தனியார் நிலையங்களும் பல. சேருமுன் மாணவர் ஒன்று கேட்கலாம்: இங்கே பழுதைத் தேடக் கற்பிக்கிறீர்களா, பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்ட மட்டும் கற்பிக்கிறீர்களா? பின்னதற்கு ஓராண்டு தேவையில்லை. புதுப் பலகை மலிவாகக் கிடைக்கும்போது மாற்றுவதே சிக்கனம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதை மாற்றுவது என்று யாரேனும் சொல்ல வேண்டுமே!

பயிற்சிக்கூடத்தில் வலையமைப்புப் பாடம் ஒரு கம்பியிலிருந்து தொடங்கும். உறையை உரித்தால் எட்டு நூல்கள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவது அழகிற்காக அன்று. அயலிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு நூல்களிலும் சமமாகப் பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்காக. தொலைபேசி கண்ட பெல் 1881இலேயே இதற்கு உரிமம் பெற்றார். முறுக்கை வேண்டியதற்கு மேல் பிரித்துவிட்டால் இரைச்சல் மீண்டும் நுழையும். வெண்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெண்பச்சை, நீலம், வெண்நீலம், பச்சை, வெண்பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் நூல்களை நேராக்கி, நுனியை ஒரேயளவாக நறுக்கி, செருகியில் நுழைத்து, இடுக்கியால் அழுத்த வேண்டும். இரு முனைகளையும் சோதனைக் கருவியில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். முதல் நாளில் அநேகமாக ஆறாவது எரியாது. நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்குவார்கள்.