அளந்தவர்

விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் குமுளி மலைப்பாதையில் ஏறுகின்றன. குமுளியைத் தாண்டிப் போனால் பீர்மேடு. 1918இல் அன்னா மணி பிறந்த ஊர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1940இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அங்கே சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார். மங்கலான அந்த ஒளி புகைப்படத் தகட்டில் பதிய 15, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தங்கினார். தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது.

இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்காக, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். பிழையான அளவை விட அளக்காமலிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

இன்று தேனிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஒரு காற்றாலையை நடுமுன் அங்கே ஆண்டு முழுதும் காற்று எப்படி வீசுகிறது என்று அளந்தாக வேண்டும். நாட்டின் காற்று அளவுகளை மூலியுடன் சேர்ந்து அவர் 1983இல் நூலாகத் தொகுத்தார்.

அறிவியலில் பெண்களின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் மட்டும் தேடினால் போதாது. தகட்டருகே இரவைக் கழித்தவர், கருவியைச் சரிபார்த்தவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும்.