ஊர் மாறும் டீமும் தரம் இறங்கும் கிளப்பும்

நம் ஹாஸ்டல் டி.வி. ரூமை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். தொடங்கியபோது நாங்கள் இரண்டாம் வருடம். செமஸ்டர் பரீட்சையை வைத்துக்கொண்டு மேட்ச் பார்த்த நாட்கள் அவை. அப்போது மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் ஒருவர், "ஏன் தம்பி, தோனியை ஏலத்துல எடுத்தாங்களாமே, அப்போ இந்த டீம் யாருக்குச் சொந்தம்? நமக்கா, முதலாளிக்கா?" என்று கேட்டார். சாம்பார் வாளியோடு நின்று கேட்ட கேள்வி என்பதால் சிரித்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது, வேலை நிமித்தமாக அமெரிக்காவில் க்ளீவ்லாண்டிலும், பிறகு ஜெர்மனியில் ரூர் நிலக்கரிப் பகுதியிலும் சில வருடங்கள் குடியிருந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

க்ளீவ்லாண்டில் என்னோடு வேலை பார்த்த சீனியர் டெக்னீஷியன் ஒருவர், தன் வீட்டு கராஜில் ஒரு மரப்பலகைத் துண்டை ஆணி அடித்து மாட்டியிருந்தார். என்னவென்று கேட்டேன். பழைய ஸ்டேடியத்தின் இருக்கை என்றார்.

கதை இதுதான். 1995 நவம்பரில், க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் டீமின் முதலாளி ஆர்ட் மோடல், டீமை பால்டிமோர் நகரத்துக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். அங்கே புது ஸ்டேடியம் கட்டித் தருகிறார்கள், லாபம் அதிகம். ஐம்பது வருடம் அப்பா, மகன், பேரன் என்று பார்த்த டீம்! அந்த டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் மேட்ச் முடிந்ததும், ஜனங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நகரம் வழக்குப் போட்டது. பெயரும் நிறமும் பழைய ரெக்கார்டுகளும் க்ளீவ்லாண்டுக்கே என்று முடிவானது. ஆட்டக்காரர்கள் பால்டிமோர் போய் 'ரேவன்ஸ்' ஆனார்கள். 2001 ஜனவரியில் சூப்பர் பௌலும் ஜெயித்தார்கள். க்ளீவ்லாண்டுக்கு 1999-ல் அதே பெயரில் புது டீம் கிடைத்தது. நம்மவர் அதையும் விடாமல் பார்க்கிறார். ஆனால் மோடலின் பெயரை மட்டும் வாயால் சொல்ல மாட்டார்!

இது தனி ஒரு முதலாளியின் குணம் என்றுதான் முதலில் நினைத்தேன். சரித்திரத்தைப் புரட்டினால், அந்த ஏற்பாடே அப்படித்தான் பிறந்திருக்கிறது.

1876-ல் வில்லியம் ஹல்பர்ட் என்ற சிகாகோ வியாபாரி, பேஸ்பாலுக்காக 'நேஷனல் லீக்' தொடங்கினார். 75 ஆயிரம் ஜனத்தொகைக்குக் குறையாத ஊராக இருக்க வேண்டும், ஓர் ஊருக்கு ஒரே டீம் என்பது சட்டம். அதாவது, ஏரியா பிரித்துக் கொடுக்கும் ஏஜென்ஸி மாதிரி. முதல் சீஸனில் நியூயார்க், பிலடெல்பியா டீம்கள் கடைசி வெளியூர்ப் பயணத்துக்குப் போகவில்லை. ஹல்பர்ட் யோசிக்கவே இல்லை. நாட்டின் மிகப் பெரிய அந்த இரண்டு நகரங்களின் டீம்களையும் லீக்கை விட்டே நீக்கிவிட்டார்! அங்கே லீக்தான் எஜமான்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே கிளப்புகள் முதலில் பிறந்துவிட்டன. மாதா கோயில்களில் பிறந்தவை உண்டு. ஆஸ்டன் வில்லா அப்படிப்பட்டது. தொழிற்சாலையில் பிறந்தவையும் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் ரயில்வே ஒர்க்ஷாப் தொழிலாளர்கள் தொடங்கியது; ஆர்சனல் 1886-ல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. மெக்கானிக்கல்காரர்களே, கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்! 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்தது. சம்பளம் கொடுக்க நிச்சயமான வரும்படி வேண்டுமே? அதற்காக வில்லியம் மெக்ரெகர் முயற்சியில் 12 கிளப்புகள் சேர்ந்து 1888 ஏப்ரல் 17 அன்று 'ஃபுட்பால் லீக்' தொடங்கின. பத்து வருடம் கழித்து, 1898-ல், மேல் டிவிஷனில் கடைசியில் வருபவர் கீழே இறங்க வேண்டும், கீழே முதலில் வருபவர் மேலே ஏறலாம் என்ற முறை நிலைபெற்றது.

இதன் பலன் என்ன? 1876-ல் லீக்கில் இருந்த எட்டு டீம்களில் இன்று இரண்டுதான் மிச்சம். அதிலும் சொந்த ஊரில் இருப்பது சிகாகோ ஒன்றே. பாஸ்டன் டீம் 1953-ல் மில்வாக்கி போய், 1966-ல் அட்லாண்டா போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் பன்னிரண்டில் அக்ரிங்டன் தவிர மற்ற பதினொன்றும் இன்றும் அதே ஊர்க்காரர்களாகவே ஆடுகின்றன. ஆனால் எல்லோரும் சுகமாக இல்லை. நாட்ஸ் கவுண்டி 2019-ல் ஐந்தாம் டிவிஷன் வரை விழுந்து, 2023-ல் தான் எழுந்தது. அமெரிக்காவில் டீம் ஊரை விட்டுப் போகலாம், கீழே இறங்காது. ஐரோப்பாவில் ஊரை விட்டுப் போவது அபூர்வம், எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கும்.

இன்னொரு வேடிக்கை. போட்டி, முதலாளித்துவம் என்று பேசுகிற அமெரிக்காவில்தான் விளையாட்டு சோஷலிசம்! போன சீஸனில் கடைசியில் வந்த டீமுக்குத்தான் காலேஜிலிருந்து வரும் புதுப் பையன்களில் முதல் சாய்ஸ். 'டிராஃப்ட்' என்ற இந்த முறை அவர்கள் ஃபுட்பாலில் 1936-லிருந்து நடக்கிறது. 1961-ல் வந்த ஒரு சட்டத்தின் துணையோடு டி.வி. பணத்தைச் சமமாகப் பங்கு போடுகிறார்கள். 1994-லிருந்து சம்பளத்துக்கும் உச்சவரம்பு. அதனால்தான் ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் கிரீன் பே ஊரின் டீம், நியூயார்க்குக்குச் சமமாக நிற்க முடிகிறது. அந்த டீமுக்குத் தனி முதலாளி கிடையாது. 1923-லிருந்து ஜனங்களே பங்குதாரர்கள். இதுவரை யாரும் சூப்பர் பௌலைத் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்ததில்லை. ஜெர்மனியிலோ பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை பதினொரு தடவை தொடர்ந்து சாம்பியன்!

டிராஃப்டுக்குப் பையன்கள் காலேஜிலிருந்து வருகிறார்கள் என்றேன் அல்லவா? அதுவும் அமெரிக்காவுக்கே உரியது. 1852-ல் ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டி நடத்தியதே, ஒரு ரயில்வே கம்பெனி தன் பாதைக்கு விளம்பரம் தேடியதால்தான். இன்று மிஷிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்து, கார் பார்க்கிங்கில் அடுப்பு மூட்டிச் சமைத்து, மேட்ச் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அலும்னி மீட் என்றால் அதுதான் அலும்னி மீட்! ஐரோப்பாவில் பையனைப் பள்ளி வயதிலேயே கிளப் எடுத்து வளர்க்கிறது. காலேஜுக்கு அதில் வேலையே இல்லை.

பார்க்கும் விதமும் வேறு. க்ளீவ்லாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 3,300 கிலோமீட்டர். எதிரணி ஜனம் அவ்வளவு தூரம் திரளாக வராது. வந்தவரும் பக்கத்து சீட்டில் பாப்கார்னோடு உட்காருவார். ரூர் பகுதியில் கெல்சன்கிர்ஷன் ஊரின் ஷால்கே கிளப்புக்கும் டார்ட்மண்டுக்கும் நடுவே சுமார் முப்பதே கிலோமீட்டர். ஆயிரக்கணக்கில் வருவார்கள். நடுவே வேலியும் போலீசும் வேண்டும். தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள்.

நான் கெல்சன்கிர்ஷனில்தான் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிட்டயரான சுரங்கத் தொழிலாளி. 1904-ல் பிறந்த ஷால்கே, சுரங்கக்காரர்களின் கிளப். ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டது. மிச்சம் இருந்தது கிளப் மட்டும்தான்.

2021 ஏப்ரல் 18. ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்புகள், நிறுவனர்களுக்குத் தரம் இறங்கும் பயமே இல்லாத 'சூப்பர் லீக்' தொடங்கப் போவதாக அறிவித்தன. அச்சு அசல் அமெரிக்க மாடல்! 1888-ல் கூடியதும் பன்னிரண்டு, இப்போது கூடியதும் பன்னிரண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர்கூட இதில் இல்லை. லண்டனில் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 20 ராத்திரிக்குள் ஆறு ஆங்கில கிளப்புகளும் விலகிக்கொண்டன. திட்டம் கவிழ்ந்தது.

அதே ராத்திரி ஷால்கே 1-0 என்று தோற்று, முப்பது வருடம் ஆடிய முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. கொரோனா காலம், ஸ்டேடியம் காலி. பெரியவர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அரைகுறை ஜெர்மனில், "நீங்களும் சூப்பர் லீக் மாதிரி வைத்திருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்காதே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இறங்கினது எங்க கிளப். இறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா, அது எங்க கிளப்பா இருக்காது" என்றார். அடுத்த வருடம் ஏறினார்கள்; 2023-ல் மறுபடி இறங்கினார்கள். இரண்டாம் டிவிஷனிலும் 62 ஆயிரம் பேர் கொள்ளும் அந்த ஸ்டேடியம் ஏறக்குறைய நிரம்பியே இருந்தது.

எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சின்ன ஊருக்கும் சமவாய்ப்பு தருவது அமெரிக்க முறை. பெஞ்சைப் பெயர்த்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். நம் ஐ.பி.எல். முழுக்க அமெரிக்க அச்சு: ஏலம், உச்சவரம்பு, இறக்கம் கிடையாது. ஆனால் சென்னையின் உள்ளூர் கிரிக்கெட் லீக்கில் டிவிஷன் உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, பார்க்கத்தான் ஆளில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு வருடமும் தடையில் இருந்தபோது நாம் வேறு டீமுக்குப் போகவில்லை, காத்திருந்தோம். அப்போது மெஸ் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார். கம்பெனி ரிஜிஸ்டர்படி டீம் முதலாளிக்குச் சொந்தம். அந்த இரண்டு வருடம் அதை வைத்துக் காப்பாற்றியது நாம்தான்.

இந்த ரீயூனியனில் அந்த அண்ணனைப் பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும். பதினேழு வருடத்துக்கு மேல் தாமதம்தான். சாம்பார் கேட்கிற சாக்கில் சொல்லிவிடலாம்.

(மெக்கானிக்கல், 2006–10)