சிற்றினம் என்னும் வரையறையும் ஆப்பிரிக்க யானையும்

உயிர்களை வகைப்படுத்த முற்படுவார்க்குச் 'சிற்றினம் என்பது யாது?' என்னும் வினா முதற்கண் எழும். அதற்கு உயிரியலார் காலந்தோறும் அளித்த விடைகள் பல. அவற்றுள் எதனைக் கொள்வது என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உயிர்களின் வாழ்வையே தொடுவது. இதனை ஆப்பிரிக்க யானையின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1686-இல் ஆங்கில நாட்டு ஜான் ரே, ஒரே விதைவழித் தோன்றுவனவற்றை ஒரு சிற்றினமாகக் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ், உருவ இயல்புகளால் பகுத்து இருபெயரிடும் முறையை நிலைநாட்டினார். 1859-இல் டார்வின், சிற்றினத்திற்கும் அதன் வேறுபாட்டு வகைக்கும் இடையே திட்டமான எல்லை இல்லை என்றார். 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர், இயற்கையில் தம்முள் இனம்பெருக்கிப் பிற கூட்டங்களோடு அவ்வாறு கலவாத உயிர்க்கூட்டமே சிற்றினம் என வரையறுத்தார். இவ்வரையறை பால்கலப்பின்றிப் பெருகும் உயிர்களுக்கும் புதைபடிவங்களுக்கும் பொருந்துமாறில்லை. ஆகலின், தனித்த மரபுவழியையும் அதனைக் காட்டும் அடையாளங்களையும் அளவுகோலாக்கும் கொள்கைகளும் பின்னர் எழுந்தன.

இனி யானைக்கு வருவாம். 1900-இல் மாட்சி என்னும் செருமானிய அறிஞர், காமரூன் நாட்டுக் காட்டு யானையைத் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டார். அதன் செவி வட்டமானது. கொம்பு நேராகக் கீழ்நோக்கியது. எனினும், பின்வந்தோர் பலர் அதனைப் புல்வெளி யானையின் உட்பிரிவாகவே கருதினர். இருவகையும் சந்திக்கும் சில இடங்களில் கலப்பினம் தோன்றுதலால், மேயரின் அளவுகோலைக் கடுமையாகக் கொள்வார் இரண்டையும் ஒன்றெனலாம். 2001-இல் வெளிவந்த மரபணு ஆய்வோ, இரண்டும் நெடுங்காலமாகப் பிரிந்த மரபுவழிகள் எனக் காட்டிற்று.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல்தான் இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டது. அதுவரை ஒன்றாக எண்ணப்பட்டு, அழிவுக்கு எளிதில் ஆளாகக்கூடியது என்னும் நிலையில் வைக்கப்பட்டிருந்த யானைகளுள், புல்வெளி யானை அழியும் நிலையிலும், காட்டு யானை மிகக் கடுமையாக அழியும் நிலையிலும் இருத்தல் அப்பொழுது புலனாயிற்று. காட்டு யானையின் தொகை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டிற்கு மேல் குறைந்திருந்தது. ஒரு பெயரின் கீழ் இருந்தவரை இவ்வீழ்ச்சி தனித்துத் தோன்றவில்லை.

இவ்வரையறைகள் ஒன்றையொன்று வீழ்த்த வந்தன என்பதினும், உருவம், கலப்பு, மரபு என வெவ்வேறு வினாக்களுக்கு விடையாயின எனல் பொருந்தும். ஆகவே, எவ்வினாவிற்கு விடை காண்கின்றோம் என்பதைத் தெளிவுறக் கூறிய பின்னரே உயிர்களை எண்ணத் தொடங்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.