லயத்து முற்றமும் குழந்தையின் கையும்: மலையகத் தோட்டப் பண்டிகைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பெருந்தோட்டத்துறை பற்றிய ஆய்வுகளில் ஆட்சேர்ப்பு, கங்காணி முறை, கூலி, குடியுரிமை ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தோட்டத்துக் குழந்தையோ இவ்வாய்வுகளில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மட்டுமே தலைகாட்டுகின்றது. ஒன்று மரணப் பதிவு. மற்றையது கூலிப் பட்டியல். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்பதாகும். பிள்ளையின் கைக்கு அரசாங்கம் எழுத்தில் விதித்த விலை அது. அதே கை ஆண்டில் சில நாட்களில் மண்ணைப் பிசைந்து அடுப்புச் செய்ததையும், கடதாசியை வெட்டித் தோரணம் ஒட்டியதையும், காமன் கூத்துக்கு முடி சோடித்ததையும் எந்தச் செக்ரோலும் பதியவில்லை. பதியப்படாத இவ்வுழைப்பையும், அதனோடு இணைந்த லயத்துப் பண்டிகைகளையும் வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்துப் பண்டிகைகள் தமிழகக் கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்டு மாற்றமின்றிப் பேணப்பட்ட எச்சங்கள் எனக் கருதுவோர் பலர். இக்கருத்து முழுமையானதன்று. கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் மன்னார் வழியாகத் தம் ஊர்களுக்குத் திரும்பினர். வழியிலும் தோட்டத்திலும் மடிந்தோர் போக, திரும்பியோர் தத்தம் வீட்டு முற்றத்திலேயே தை மாதத்தைக் கண்டனர். அக்காலத்தில் பிள்ளைகளோடு கொண்டாடும் பண்டிகை என்பது பெரும்பாலும் இராமநாதபுரத்திலோ, திருச்சிராப்பள்ளியிலோ, சேலத்திலோ நிகழ்ந்த ஒன்று. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை 1880 களில் மலைகளெங்கும் பரவியது. தேயிலைக்குப் பருவம் என்ற ஒன்றில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். எனவே ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் தொழிலாளரும், கொழுந்தெடுக்கப் பெண்களும் தேவைப்பட்டனர். பெண்கள் வந்தபோது குழந்தைகளும் வந்தனர், அங்கேயே பிறந்தனர். தோட்டத்தில் குழந்தைக்கான பண்டிகை என்பது தேயிலையோடு பிறந்தது எனக் கூறுவது பொருந்தும்.

அப்பண்டிகையைச் செய்ய முற்பட்ட முதல் தலைமுறைத் தாய் எதிர்கொண்ட சிக்கல் யாது? சமவெளித் தமிழ்க் குழந்தையின் விளையாட்டுப் பொருட்களில் பெரும்பகுதி பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் பெறப்பட்டது. ஓலைக் கிலுகிலுப்பை, ஓலைக் காற்றாடி, குருத்தோலைக் கிளி, நுங்குக் கோம்பை வண்டி, கார்த்திகையில் சுழற்றும் மாவலிக்கான பனம்பூக் கரி ஆகியவற்றை நினைத்துப் பார்க்கலாம். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் பனையுமில்லை, தென்னையுமில்லை. கரும்பு விளையாது, மாமரமும் தழைப்பதில்லை. நாலாயிரம் அடி உயரத்து ஹற்றனிலும் நிலைமை பெரிதும் வேறானதன்று. தான் சிறுமியாக இருந்தபோது தன் பாட்டி முடைந்து தந்த பொருளைத் தன் பிள்ளைக்கு முடைந்து தர அத்தாயால் இயலவில்லை. மாவிலையும் குருத்தோலையும் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கும் பொருட்களாயின. வைக்கோல் வேண்டுமாயின் கீழேயுள்ள சிங்களக் கிராமத்து வயலையே நாட வேண்டும்.

ஆகவே பொருட்கள் மாறின. வர்ணக் கடதாசியும் கோதுமை மாப்பசையும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. முக்கோணமாகவும் சங்கிலியாகவும் வெட்டி ஒட்டிய கடதாசித் தோரணம், மாரியம்மன் திருவிழாவிலும் தைப்பொங்கலிலும் லயத்தின் நீண்ட கூரை விளிம்பெங்கும் தொங்கும். பால் டின், சிகரெட் பெட்டி, நூற்கட்டை, தேய்ந்த சைக்கிள் டயர் ஆகியன வண்டியாயின. வெட்டி வீசிய தேயிலை வாதும் நிழல் மரத்தின் கிளையும் கிட்டிப்புள்ளுக்கும் பம்பரத்துக்கும் உதவின. இவற்றை ஏழ்மையின் அழகு என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடையில் பொம்மை வாங்கப் பணமில்லாமையே இவற்றின் தாய். ஆயினும் ஒரு மலைச் சூழலில், முன்மாதிரி எதுவுமின்றி, புதிய பொருட்களிலிருந்து ஒரு கைவினை மரபு தோன்றியது என்ற உண்மையை ஏழ்மை என்ற சொல் மட்டும் விளக்கிவிடாது.

இக்கைவினையைக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர் யார் என்ற வினா இவ்விடத்து எழுகின்றது. தாயும் தந்தையும் விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குச் சென்றால் மாலை நிறுவை முடிந்தே திரும்புவர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்டன. தாய் மலையில் நின்றால்தான் கொழுந்து நிறைக்கு வரும் என்ற கணக்கில் நிருவாகம் ஏற்படுத்திய இடம் அது. அதன் தொடக்கத்தில் குழந்தையின் நலன் இரண்டாம் பட்சமே. அங்கே பொறுப்பாயிருந்த ஆயாவோ மலையேற இயலாத முதிய பெண். சற்று வளர்ந்த பெண் பிள்ளைகள் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தனர். கூலி உழைப்புக்குப் பயனற்றோர் என விலக்கப்பட்ட கிழவியும், இன்னும் பேர் பதியப்படாத சிறுமியும் பகல் முழுவதும் ஒன்றாயிருந்த அவ்விடத்திலேயே தாலாட்டும், விடுகதையும், பூக்கட்டும் வித்தையும், கோலத்தின் புள்ளிக் கணக்கும் கைமாறின. நடுத்தலைமுறை மலையில் நின்றது. மரபு அதைத் தாண்டிப் பாட்டியிடமிருந்து பேர்த்திக்குச் சென்றது.

தைப்பொங்கலை எடுத்துக்கொள்வோம். அறுவடைத் திருநாள் என அதனைப் போற்றுகின்றோம். ஆண்டு முழுவதும் அறுவடை செய்தும் தமக்கென ஒரு சாண் வயலில்லாத மக்கள் கொண்டாடிய பொங்கல் இது. பானையிலிடும் அரிசி தோட்ட நிருவாகம் வழங்கியது. அதன் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அரிசி மாவில் கோலமிடுவதுகூட இக்கணக்கில் ஒரு செலவே. வாசலில் மண்ணும் கல்லும் கொண்டு அடுப்பு அமைப்பது பிள்ளைகளின் பணி. மறுநாள் மாட்டுப்பொங்கலுக்குப் பட்டியிலுள்ள ஒன்றிரண்டு பசுக்களுக்குப் பூமாலை தொடுப்பதும் அவர்களே. தை மாதக் குளிரில் நுவரெலியாப் பகுதியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதுண்டு. கொழுந்து குறைந்தால் வேலைநாளும் குறையும். இந்நிலையில் பால் பொங்கி வழிவதைக் குழந்தைகள் சூழ நின்று கூவி வரவேற்பது விளைச்சலுக்கான நன்றியைவிட விளைச்சலுக்கான வேண்டுதலாகவே எனக்குத் தோன்றுகின்றது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியதை நேரில் கண்டோர் இக்கூற்றை மிகையெனக் கொள்ளமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பொங்கலுக்குள்ள முதன்மை தோட்டத்தில் தீபாவளிக்கே உரியது. இதன் காரணத்தைச் சமயத்தில் தேடுவதைவிடச் சம்பள முறையில் தேடுவது பயன்தரும். தீபாவளிக்கு முற்பணம் உண்டு. அம்முற்பணம் பின்னர் மாதா மாதம் சம்பளத்தில் வெட்டப்படும். புத்தாடை, பட்டாசு, ஆட்டிறைச்சி யாவும் கடனில் வந்தவை. எனினும் முறுக்கும் அதிரசமும் காம்பராவின் ஒரே அடுப்பில், வீட்டார் அனைவரும் இரவிரவாக விழித்திருந்து செய்தவை. மாப்பிசையவும் உரலைப் பிடிக்கவும் சிறுவர் தேவைப்பட்டனர். அடுத்த காம்பராவுக்குத் தட்டில் பலகாரம் கொண்டுசெல்வதும் அவர்களே. அத்தட்டு சாதி எல்லையை எங்கே தாண்டியது, எங்கே நின்றது என்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டனர். கங்காணிமார் ஊர்வழியும் சாதிவழியும் ஆள் சேர்த்தமையால் லயங்களும் அவ்வாறே பிரிந்திருந்தன. பண்டிகை இப்பிரிவினையைக் கரைத்ததும் உண்டு, இறுக்கியதும் உண்டு.

தப்பு என்னும் பறையின் வரலாறு இவ்வகையில் தனியாக எழுதப்பட வேண்டியது. இருள் பிரியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. மார்கழியில் பஜனைக் கோஷ்டி லயம் லயமாகச் செல்வதும் அதே பெரட்டுக்கு முந்திய நேரமே. பனியில் நடுங்கியபடி பெரியோர் பின்னே ஓடி, முடிவில் கையிலே விழும் சுண்டலுக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்கு, அந்த ஒரு மாதம் மட்டும் விடியல் துரைக்குரியதாய் இராது தங்களுக்குரியதாயிருந்தது.

இவையனைத்திலும் விரிந்தது காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் நடப்படும். அன்றிலிருந்து மன்மதன் எரிக்கப்படும் நாள் வரை இரவுகளில் கூத்து நிகழும். மன்மதனும் ரதியும், சிவனும், தூதனும், குறவனும் குறத்தியும் லயத்துக்கு லயம் வருவர். மாசி, மலைநாட்டின் மேற்குச் சரிவில் வரட்சிக் காலம், கொழுந்து மெலிந்திருக்கும். சித்திரைக்குப் பின் மழை விழுந்ததும் கொழுந்து குவியும். அப்போது இரவு விழித்திருக்க எவருக்கும் உடலில் வலுவிராது. தமிழகத்திலும் மாசியிலேயே காமன் பண்டிகை நிகழ்கின்றது என்பது உண்மையே. ஆயினும் கொண்டுவரப்பட்ட பல சடங்குகளுள் இதுவே தோட்டங்களில் இத்துணை வேரூன்றியமைக்குத் தேயிலையின் பருவமும் ஒரு காரணமாதல் கூடும்.

கூத்துக்கான முடி, தோளணி, மார்புப் பதக்கம், வில், அம்பு யாவும் தோட்டத்திலேயே செய்யப்பட்டன. இலேசான மரத்தைச் செதுக்கி, அட்டையை வெட்டி, மினுங்கு தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவர். செய்வோர் வேலை முடிந்து வந்த ஆண்கள். அருகே பசைச் சிரட்டையுடன் அமர்ந்திருப்போர் பையன்கள். இன்று பசை தடவும் பையன் பத்தாண்டில் வேடம் கட்டுவான். பாடலையும் ஆட்டத்தையும் அவன் அங்கேயே பயின்றான். ரதி வேடத்தையும் மரபில் ஆண்களே தாங்கினர். பெண் பிள்ளைகள் பார்ப்போராகவும், பூத் தொடுப்போராகவும் நிறுத்தப்பட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களின் கூலி ஆணினதைவிடக் குறைந்திருந்த அதே சமூகத்தில் கூத்து மட்டும் வேறு நியாயத்தில் இயங்கியிருக்க முடியாது.

மன்மதன் எரிந்து, ரதி புலம்பி, மூன்றாம் நாள் மன்மதன் மீண்டும் எழுகின்றான். செய்த பொருட்களுள் ஒரு பகுதியும் நெருப்பிலேயே போகும். மறுமாசியில் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததாலேயே ஆண்டுதோறும் ஒரு புதிய பையன் கற்றுக்கொண்டான்.

பாடசாலை இதில் வகித்த பங்கு சிறிது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டுச் சட்டமும் ஆறு முதல் பத்து வயதுவரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டன. விளைவு, பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில சிலேட்டுகள். 1945 இன் இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளைத் தொடவில்லை. 1970 களின் பிற்பகுதியிலிருந்தே அவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்றது. தோட்டங்களில் பொங்கல் விழாவும் கலைவிழாவும் பாடசாலை மேடைக்கு வந்தது பெரும்பாலும் அதற்குப் பின்னரே.

மலையக நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தோருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருக்கு முன்னரே கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் மக்கள் அறிந்த மெட்டுக்களில் புதிய பாடல்களை இயற்றித் தொழிற்சங்க மேடைகளில் பயன்படுத்தினர். பாடல் எழுத்தில் ஏறும், அரசியலுக்கும் உதவும். கடதாசித் தோரணமும் மண் அடுப்பும் அவ்வாறு ஏறா. நமது சேகரிப்பு மொழியின் பக்கம் சாய்ந்தமையால் கையின் வரலாறு விடுபட்டது. முற்போக்காளரும் இதில் விதிவிலக்கல்லர். சடங்கு என்றதும் மூடநம்பிக்கை என்று கடந்து சென்றோர் நம்மிடையே உண்டு. சடங்கை நிராகரிப்பதற்காக அதனைச் செய்த கையையும் சேர்த்து நிராகரிக்க வேண்டியதில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974 இல் முடிவாயிற்று. 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை குடும்பங்கள் சென்றுகொண்டிருந்தன. கூத்தின் அண்ணாவிமாரும் பிள்ளைக் காம்பராவின் ஆயாமாரும் அவர்களுள் அடங்குவர். சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலேயே மீண்டும் வேலைக்கமர்ந்தனர். ஊர் திரும்பியோரெனப் பெயர் பெற்ற அவர்களுட் பலர், தாம் ஒருபோதும் காணாத ஊருக்கே சென்றனர்.

1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின் பிள்ளைக் காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறின. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே பொறுப்பேற்றனர். சுகாதாரமும் போசாக்கும் மேம்பட்டன என்பதில் ஐயமில்லை. பழைய காம்பராவின் புகையையும் ஈரத்தையும் அறிந்தோர் எவரும் அது திரும்பி வரவேண்டுமென விரும்பமாட்டார். அந்நிலையங்களின் சுவரில் இன்று தொங்கும் எழுத்துப் படங்களும் பூச்சரங்களும் கடையில் வாங்கியவையாகவோ கையேட்டைப் பார்த்துச் செய்தவையாகவோ உள்ளன. கிழவி அங்கே இல்லை. அவள் காம்பராவில் தனியே இருக்கின்றாள்.

கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயக் காம்பராக்களிலே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. இத்தகைய முயற்சிகளில் கருவிகளும் பாத்திரங்களும் பத்திரங்களும் இடம்பெறுவது இயல்பு, அவை நீடிப்பவை. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நிகழ்ந்தபோது முன்னோர் நடந்த பாதை நினைவுகூரப்பட்டது. ஒருநாள் பொங்கலுக்காகப் பிசைந்து மறுநாள் மழையில் கரைந்த மண் அடுப்பை எந்தப் பேழையிலும் வைக்க இயலாது. அதன் அளவையும், எத்தனை கல், எந்தப் பக்கம் வாய் வைத்தனர் என்பதையும் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் ஒவ்வொரு டிவிசனிலும் சிலர் உளர். எமது பல்கலைக்கழகத்துக்கு மலையகத்திலிருந்து வரும் மாணவர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது முதலில் கேட்டு எழுதிவர வேண்டியது அதுவே.