உடம்பாகிய தளியும் உயிர்ப்பின் ஒழுங்கும்

சிவமயம்

உடம்பினை இழிந்ததென வெறுத்தொதுக்குதலும், உடம்பே தானென மயங்கி அதற்கே உழைத்தலும் ஆகிய இரண்டும் சைவ சித்தாந்திகட்கு உடன்பாடல்ல. தனு கரண புவன போகங்கள் நான்கும், உயிரைப் பற்றிய ஆணவ மலம் பரிபாகமுறுதற்பொருட்டு இறைவனால் மாயையினின்று தோற்றுவித்து அளிக்கப்பட்டன என்பது நம் நூற்றுணிபு. ஆகலின், கருவி பழுதுற்றவிடத்து அதனைச் செப்பஞ்செய்துகோடல் உயிரின் கடமையாம். நெடுநாட் பிணியால் வருந்துவோர் மூச்சினையும் அதன்வழி நரம்புகளையும் ஒழுங்குபடுத்தி நலம்பெறுதல் கூடுமென்பதை இக்கால ஆராய்ச்சியாளர் சில பிணிகளிற் கண்டுள்ளனர். அவ்வுண்மை நம் சமய வரலாற்றில் எங்ஙனம் இடம்பெற்றுள்ளது, அதனைச் சித்தாந்த நெறிநின்று எங்ஙனம் கொள்ளல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

தமிழகத்தின் வடமேற்கெல்லையில், ஓசூருக்குத் தென்மேற்கே, கருநாடகத்து ஆனேக்கல் நிலப்பகுதியை அடுத்துத் தளி என்னும் ஊர் உளது. ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த குளிர்நிலமாகலின் ஆங்கிலேயர் இதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்றழைத்தனர். தமிழுங் கன்னடமுந் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இவ்வெல்லை நிலத்தில், ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் சந்திரசூடேசுவரர் எழுந்தருளியுள்ளார். 1970-களுக்குப்பின் ஓசூரிலே தொழிற்பேட்டை பெருகிற்று. இரவைப் பகலாக்கி உழைப்பார் பலராயினர். உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் பிறழவே, உடம்பின் இயற்கையொழுங்கும் பிறழ்தல் இயல்பு. அத்தகையார்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதொன்றன்று.

தளி என்னுஞ் சொற்குக் கோயில் என்பது பொருள். கற்றளி, பழையாறை வடதளி முதலிய வழக்குக்களால் இது விளங்கும். இவ்வூர்க்கு அப்பெயர் வந்தவாறு எதுவாயினும், அச்சொல் நினைவூட்டும் பொருள் பெரிது. ஊனுடம்பினையே ஆலயமாகக் கண்டவர் திருமூல நாயனார். உடம்பினை முன்பு இழுக்கென்றிருந்தவர், அதனுள்ளே பரம்பொருள் இடங்கொண்டமை கண்டபின் அதனைப் பேணலாயினர் என்பது அவர் வாக்கின் கருத்து. ஒன்பது தந்திரங்களையுடைய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிக்கின்றது. அதன்கண் பிராணாயாமம் பூரகம், கும்பகம், இரேசகம் என மூவகைப்பட்டு, முறையே 16, 64, 32 மாத்திரை அளவினதாகக் கூறப்படும். உள்வாங்குங் காலத்தினும் வெளிவிடுங் காலம் இருமடங்காதல் ஈண்டு உற்றுநோக்கத் தக்கது. நாயனார் கூறும் இடைகலை பிங்கலை சுழுமுனை என்னும் நாடிகள், உடலறுத்துக் காணும் மருத்துவர் கூறும் நரம்புகளே என்று துணிதல் பொருந்தாது. அவை யோகக் காட்சிக்கு விளங்குவன. இவை ஊனக்கண்ணுக்குப் புலனாவன. எனினும், மூச்சைக் கொண்டு உடம்பின் உள்ளியக்கத்தை ஆளலாம் என்னுமளவில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன.

இனி, நெடும்பிணி தீர்ந்த வரலாறுகளுள் தலையாயது ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு நாயனாரது சூலை தீர்ந்தமையாம். சமணப்பள்ளியில் தருமசேனராய் விளங்கிய அவரைச் சூலை பற்றியபோது, அங்குள்ளோர் மந்திரித்த நீரூட்டியும் மயிற்பீலி தடவியும் முயன்று தோற்றனர். அவர் பள்ளியை நீத்து, திருவதிகையில் வாழ்ந்த தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்து, புலர்காலத்தில் திருக்கோயிற்கு அழைத்துச் சென்றனர். வீரட்டானத்தை வலம்வந்து நின்று திருப்பதிகம் பாடியருள, சூலை அகன்றது. சேக்கிழார் பெருமான் இதனோடு வரலாற்றை முடித்தாரல்லர். உழவாரந் தாங்கிய கையும், பாடிய வாயும், இடையறாது நினைந்த நெஞ்சுமாக அவர் வாழ்நாள் முழுதும் சென்றமையையும் விரித்துரைத்தார். பிணிநீக்கம் ஒரு கணத்தில் நிகழ்ந்ததாயினும், அதன்பின் வந்தது ஓர் ஒழுக்கமாம்.

திருஞானசம்பந்த சுவாமிகள் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தே, உடனிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. சுவாமிகள் திருநீலகண்டத் திருப்பதிகம் ஓத அது நீங்கிற்று. அப்பதிகத்தின் கருத்து, இது வினைப்பயனெனச் சொல்லி வாளாவிருத்தல் தகாது, அதனின் உய்யுநெறி நாடுதல் வேண்டும் என்பதாம். இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். பிள்ளையாரை நீங்காதிருந்த மெய்யடியாரையே நோய் பற்றியதாகலின், நோய் அன்பின்மைக்கு அடையாளமன்று என்பது ஒன்று. வினையைக் காரணங்காட்டி முயற்சியைக் கைவிடுதல் சைவநெறியன்று என்பது மற்றொன்று.

இக்கால அறிஞர் கண்டவற்றை இனி நோக்குவாம். இதயத் துடிப்பு, செரிமானம் முதலியவற்றை நம் ஏவலின்றியே நடாத்தும் நரம்புத் தொகுதிக்கு ஆங்கில உடலியலறிஞர் லாங்லி என்பார் 1898-இல் தன்னியக்கத் தொகுதி எனப் பொருள்படும் பெயரிட்டார். இதன் ஒருபகுதி அச்சமும் இடரும் நேர்ந்துழி உடம்பை முடுக்குவது, மற்றொருபகுதி இளைப்பாற்றுவது. மூளையின் அடியினின்று இதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிற்குச் செல்லும் வேகசு நரம்பு பின்னதன்கண் தலைமையானது. இடர் நீங்கியபின்னும் முடுக்கம் நீங்காதுநிற்பின் உறக்கமின்மையும் படபடப்பும் செரியாமையும் தொடரும். உள்ள நோயும் மிகும். இத்தொகுதி நடாத்தும் தொழில்களை நினைந்தமாத்திரையின் மாற்றல் அரிது. மூச்சோ தானேயும் இயங்கும். நாம் இயக்கவும் இயங்கும். ஆதலின் அது வாயில் போல்வது. நெடிது மூச்சுவிடுங்கால் இதயத் துடிப்புத் தணிதலைக் கருவிகொண்டு அளந்தறியலாம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் நாட்டிலே 1924-இல் உலோணாவளையில் குவலயானந்த சுவாமிகள் நிறுவிய கைவல்யதாமம் வழிகோலிற்று. 1935-இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேசு பிரோசு அம்மையார் இந்தியா போந்து யோகியரின் இதயவியக்கத்தைக் கருவியாற் பதிவுசெய்தனர். தளிக்கு அண்மையதாகிய பெங்களூரில் நாகரத்தினா அம்மையாரும் நாகேந்திரரும் இரைப்புநோயினர் 53 பேர்க்கு இரண்டு வாரம் யோகப்பயிற்சி அளித்து, நாடோறும் 65 நிமிடம் பயிலச்செய்தனர். அப்பயிற்சியின்றி வழக்கமான மருந்துண்ட அத்தன்மையார் 53 பேரோடு ஒப்பிட்டனர். பயின்றார்க்கு இரைப்பு வரும் முறையும் மருந்தின் தேவையும் மிகுதியுங் குறைந்தமை 1985-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. 2001-இல் அதே இதழில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி முதலியோர் 23 பேரை ஆராய்ந்து, கிறித்தவர் செபமாலை ஓதுதலும் பௌத்தர் மந்திரம் ஓதுதலும் மூச்சினை நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகத் தணித்து இதயத்தின் இயக்கத்தைச் சீர்ப்படுத்துதலைக் காட்டினர்.

அற்றேல், நாவரசர் சூலை தீர்ந்ததும் பாடலால் மூச்சு ஒழுங்குற்ற பயனேயோ என வினவுவார் உளராவர். அங்ஙனங் கூறுதல் காரண வகை அறியாமையாம். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். திரிகை சுழலுமாற்றை நுணுகி ஆராய்ந்தான் ஒருவன், குயவன் இலன் என்று கூறின் நகைப்பிற்கிடனாவன். உடம்பு மண்போல்வது, மூச்சும் மருந்தும் திரிகைபோல்வன, திருவருள் குயவனைப்போல்வது. மூச்சின் ஆற்றலை அறிதலால் அருளுக்கு இழுக்கில்லை. அருளை நம்புதலால் மூச்சுப் பயிற்சியோ மருந்தோ வேண்டாவாகா. அடியாரல்லாரும் இவற்றால் நலம்பெறுவராலோ எனின், மழை எல்லார்க்கும் பெய்தல்போல இறைவன் உதவியும் எல்லார்க்கும் பொது என்க.

பிணியாளர்க்கு இதனாற் பெறப்படுவது யாது? மூச்சொழுங்கால் தணியும் நோய் பொய்ந்நோய் என்று சிலர் இகழ்வர். உடம்பு மாயேயமாகிய உள்பொருளென்பது சித்தாந்தம். ஆகலின் அதன்கண் உறும் துன்பமும் உள்ளதேயாம். வேறு சிலர், முயன்றும் நோய் நீங்காதாரைப் பக்தி போதாதென்று பழிப்பர். பிறருடைய பிராரத்தத்தை அளந்தறியவல்லார் இறைவனையன்றி யார்? அப்பழி கூறுதல் புண்ணில் வேலெறிதலாம். 64 மாத்திரைக் கும்பகத்தை ஆசிரியனின்றி நோயாளர் மேற்கொள்ளுதல் தீங்கு பயக்கும். மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதலும் அன்னதே. மெல்ல உள்வாங்கி, அதனினும் மெல்ல வெளிவிட்டு, அம்மூச்சோடு திருவைந்தெழுத்தைக் கணித்தல் யாவர்க்கும் எளிது. ஆலைப்பணி முடித்து விடியலில் இல்லந்திரும்புந் தொழிலாளியும், நீறணிந்து ஒருநாழிகை இதனைச் செய்தபின் உறங்கச் செல்லலாம்.

கோயிலைத் திருவலகிட்டு மெழுகுதல் நாடோறுஞ் செய்யும் பணி. ஒருநாட் செய்து விடுவார் பயன்கொள்ளார். உடம்பாகிய தளிக்கும் அப்பணி அத்தன்மைத்தே.

திருச்சிற்றம்பலம்