ஒரு யூனிட்னா எவ்வளவு? பென்சிலின் கதை (நீண்ட இழை)

பாராசிட்டமால்னா 500 மில்லிகிராம்னு எழுதுறோம். பென்சிலின் ஊசிக்கு மட்டும் ஏன் 12 லட்சம் யூனிட், 24 லட்சம் யூனிட்னு எழுதுறோம்னு யோசிச்சிருக்கீங்களா?

ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு பாதிச்ச பிள்ளைங்களுக்கு மூணு வாரத்துக்கு ஒருமுறை போடுவோமே, அந்த ஊசிதான். குப்பியில இந்த எண்தான் போட்டிருக்கும்.

"பல்கலைக்கழகம், கம்பெனி, அரசாங்கம் மூணும் கைகோக்கணும்"னு இப்போ எல்லா மேடையிலயும் பேசுறாங்க. சரி, கைகோத்தாங்களா இல்லையான்னு எதை வெச்சு அளக்குறது? அதுக்கு ஒரு நல்ல பாடம் இந்த யூனிட்டுக்குள்ள இருக்கு.

1928-ல ஃப்ளெமிங் பூஞ்சையைப் பார்த்த கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடலாம். அதுக்கப்புறம் பத்து வருஷம் மருந்துன்னு எதுவும் வரல. 1939-ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் இருந்த குழு அதைக் கையில் எடுத்தது. ஃப்ளோரிக்கும் செயினுக்கும் ஃப்ளெமிங்கோட சேர்த்து 1945-ல நோபல் பரிசு கிடைச்சது. ஹீட்லிக்கு இல்ல.

ஆனா அளவு கண்டுபிடிச்சவர் அவர்தான்.

அவங்களுக்கு இருந்த சிக்கல் இதுதான்: கையில கிடைச்சது சுத்தமில்லாத பொடி. இன்னைக்கு எடுத்த ஒரு மில்லிகிராம்ல இருக்கிற மருந்து, நாளைக்கு எடுக்கிற ஒரு மில்லிகிராம்ல இருக்காது. எடை போட்டு என்ன பிரயோஜனம்?

ஹீட்லி என்ன செஞ்சார்னா, கிருமியைத் தடவின அகார் தட்டு மேல ரெண்டு பக்கமும் திறந்த குட்டிக் குழாய்களை நிக்க வெச்சார். அதுக்குள்ள மருந்துக் கரைசலை ஊத்தினார். மறுநாள் குழாயைச் சுத்தி கிருமி வளராத வட்டம் தெரியும். வட்டம் எவ்வளவு பெருசோ, மருந்து அவ்வளவு வீரியம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான கரைசலைத் தனியா வெச்சுக்கிட்டார். அதோட ஒரு மில்லியில இருக்கிற வீரியம்தான் ஒரு "ஆக்ஸ்ஃபோர்டு யூனிட்".

1940 மே மாசம் எலிகள்ல ஜெயிச்சாங்க. 1941 பிப்ரவரியில ஒரு போலீஸ்காரருக்குப் போட்டாங்க. நல்லா தேறினார். மருந்து தீர்ந்துபோச்சு. அவர் சிறுநீர்ல வெளியேறின மருந்தைக்கூடப் பிரிச்சு எடுத்துத் திரும்பப் போட்டாங்க. பத்தல, மார்ச்ல இறந்துட்டார்.

இங்கிலாந்துல போர். கம்பெனிகளுக்கு வேற வேலை. ஜூலை 1941-ல ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனாங்க. இல்லினாய் மாநிலம் பியோரியா ஊர்ல, மக்காச்சோளத்துக்குப் புதுப் பயன் தேடிக்கிட்டிருந்த விவசாயத் துறை ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஆண்ட்ரூ மோயர், சோளத்துல ஸ்டார்ச் எடுக்கும்போது மிஞ்சுற ஊறல் கழிவுநீரைப் பூஞ்சைக்கு உணவா கொடுத்துப் பார்த்தார். விளைச்சல் பல மடங்கு ஏறிச்சு. பிறகு 1943-ல ஒரு அழுகின முலாம்பழத்துல இன்னும் நல்ல பூஞ்சை கிடைச்சது. அதை கார்னகி நிறுவனத்துல எக்ஸ்ரேயாலயும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல புற ஊதாக் கதிராலயும் மாத்தினாங்க. மில்லிக்கு ஒண்ணு ரெண்டு யூனிட்டா இருந்தது, நூற்றுக்கணக்குல போச்சு.

கவனிங்க, ஒவ்வொரு கூடமும் தன் முன்னேற்றத்தை அதே யூனிட்ல சொல்லுது. சொன்னதை அடுத்தவன் தன் தட்டுல சரிபார்க்க முடியுது.

மெர்க், ஸ்க்விப், ஃபைசர் மாதிரி கம்பெனிகளுக்கு முதல்ல தயக்கம்தான். போட்டி பயம் ஒரு பக்கம். சேர்ந்து பேசினா கூட்டுச்சதின்னு ஏகபோகத் தடைச் சட்டத்துல மாட்டுவோமோங்கிற பயம் இன்னொரு பக்கம். அரசாங்கம் கூப்பிட்டு உட்கார வெச்சது. 1941 டிசம்பர் நியூயார்க் கூட்டத்துல பியோரியா முடிவுகளைக் கேட்டதும் நிலைமை மாறிச்சு. ஹீட்லியே சில மாசம் மெர்க்ல போய் வேலை செஞ்சார். 1944 மார்ச்ல ஃபைசர் புரூக்ளின்ல ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியை வாங்கிப் பெரிய தொட்டிகள்ல தயாரிக்க ஆரம்பிச்சது.

அமெரிக்க உற்பத்தி: 1943-ல 2,100 கோடி யூனிட். 1944-ல 1,66,300 கோடி. 1945-ல 6,80,000 கோடிக்கு மேல.

1943-ல ஒரு நாடு முழுக்க வருஷம் பூரா தயாரிச்சதை இன்னைக்கு நாம போடுற 12 லட்சம் யூனிட் ஊசியா மாத்தினா வெறும் 17,500 ஊசிதான் வரும்!

இப்போ அளவைக்கு வருவோம். 1990-கள்ல எட்ஸ்கோவிட்ஸ், லெய்டெஸ்டார்ஃப்னு ரெண்டு பேர் இந்த முத்தரப்பு உறவுக்கு "டிரிப்பிள் ஹீலிக்ஸ்"னு பேர் வெச்சாங்க. (டிஎன்ஏவுக்கு ரெண்டு இழை, இதுக்கு மூணு.) அளக்கிற வழி? மூணு தரப்பு முகவரியும் ஒரே ஆய்வுக் கட்டுரையில எத்தனை தடவை வருது, கூட்டுக் காப்புரிமை எத்தனை, கம்பெனிப் பணம் எவ்வளவு வந்தது, இப்படி.

அந்தத் தராசுல 1943-ஐ வெச்சுப் பாருங்க. போர் ரகசியம்னு தயாரிப்பு விவரங்களை வெளியிடக் கட்டுப்பாடு. கூட்டுக் கட்டுரைகள் சொற்பம். காப்புரிமை 1948-ல மோயர் பேருக்கு வந்தது. ஹீட்லியோட சேர்ந்து செஞ்ச பியோரியா வேலையை வெளியிடும்போதும் மோயர் தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டார். அந்தக் கணக்குப்படி ஹீட்லி அங்கே போகவே இல்ல! ஆக்ஸ்ஃபோர்டு 1990-ல அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது, ஐம்பது வருஷம் கழிச்சு.

நம்ம ஊர்லயும் காப்புரிமை எண்ணிக்கைக்குத் தரவரிசை மதிப்பெண் உண்டு. ஒப்பந்தம் போட்டா சால்வையோட ஒரு ஃபோட்டோவும் உண்டு. எண்ண வேண்டாம்னு சொல்லல. கூடவே ஒரு கேள்வி கேளுங்க: கல்லூரி ஆய்வுக்கூடம் சொல்ற எண்ணை, அந்தக் கம்பெனி தன் இடத்துல சரிபார்க்க முடியுதா? ரெண்டு பேரும் ஒரே அளவுகோல் வெச்சிருக்காங்களா? அது இல்லாத இடத்துல ஒப்பந்தம் வெறும் காகிதம்ங்கிறது என் கருத்து.

1944 அக்டோபர்ல லண்டன் மாநாட்டுல சர்வதேச யூனிட்டை நிர்ணயிச்சாங்க. சுத்தமான பென்சிலின் ஜி சோடியம் உப்பு 0.6 மைக்ரோகிராம் ஒரு யூனிட். அப்பவே எடைக்கு மாறியிருக்கலாம், ஆனா யூனிட் பழகிப்போச்சு.

யூனிட்டும் எல்லாத்தையும் சொல்லிடாது. மருந்து யாருக்குப் போச்சுங்கிறதை அந்த எண் காட்டாது. முதல் பங்கு ராணுவத்துக்கு. மிச்சத்துல எந்தப் பொதுமக்களுக்குக் கொடுக்கலாம்னு பாஸ்டன்ல செஸ்டர் கீஃபர்ங்கிற டாக்டர் தலைமையிலான குழு முடிவு பண்ணிச்சு. அமெரிக்காவுல சாதாரண ஜனங்களுக்கு மருந்துக்கடையில பென்சிலின் கிடைக்க 1945 மார்ச் ஆச்சு.